மாயாண்டிக்கு ஃபிட்ஸ்

ரெம்பாவ் ரோட்டுத் தோட்டம்,
நாலாவது லயம்.
6 ஜூன் 1943

தம்பி சந்திரனுக்கு,

அக்கா முத்தாயி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ரேஷன் லாரி ஓட்டும் சன்னாசி அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் ஜப்பான்காரன் பிரித்துப் படிப்பான் என்கிறார்கள்.

என் கல்யாணத்தன்று நீ பந்தலை விட்டுப் போனதோடு நம் பேச்சு நின்றது. தாலி கட்டப்போகிற நேரத்தில், அத்தனை பேர் முன்னால், "மாப்பிள்ளைக்கு வலிப்பு இருக்கு, அக்காவ ஏமாத்துறாங்க" என்று நீ கத்தினாய். "பொய்" என்று நான் திருப்பிக் கத்தினேன். அப்பா உன்னை அறைந்தார். நீ சொன்னது மெய் என்று எனக்கு அப்போதே தெரியும். அவரே என்னிடம் சொல்லியிருந்தார். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். இதற்குமேல் அதைப் பேச இப்போது நேரமில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி விசுவநாதன் பெயர் படித்தார். மாயாண்டி என்று உன் மச்சான் பெயரும் வந்தது. மூன்று மாதம்தான், அரிசியும் சம்பளமும் தாராளமாம். சித்திரையில் போனவர்களிடமிருந்து இதுவரை ஒரு வரி வரவில்லை. வேலை தாங்காமல் உட்காருகிறவனை அங்கே அடித்தே கொல்கிறார்களாம்.

போன வாரம் மரவள்ளிக் கொல்லையில் மண்வெட்டி மேலேயே விழுந்தார். தாடையில் வெட்டு. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாயெல்லாம் மண். இந்த மனிதர் அங்கே காட்டில் விழுந்தால் யார் தூக்குவார்கள்? வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்றுதானே மிதிப்பார்கள்?

ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் நிறுத்தப் பார்க்கலாம் என்கிறார் கிராணி. ஆளைப் பார்க்க வரும் ஜப்பான் ஆபீசருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியுமாம். நீ ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து போடும் டிரெசர். உன் எழுத்துக்கு மதிப்பு உண்டு. அவருக்கு வலிப்பு என்று எழுதிக் கொடு தம்பி. உன் காலில் விழுகிறேன்.

அக்கா
முத்தாயி


சிரம்பான்
8 ஜூன் 1943

திருமதி முத்தாயி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

அன்று நான் சொன்னதைப் பொய் என்றீர்கள். இன்று அதையே எழுத்தில் கேட்கிறீர்கள். எழுதிவிட்டேன். சீட்டு இதோடு இருக்கிறது. காகிதப் பஞ்சம், மருந்துச் சீட்டின் பின்பக்கம்தான் கிடைத்தது. பெயர், வயது, அதன் கீழே நோய். ஆஸ்பத்திரி முத்திரையும் குத்தியிருக்கிறேன். டாக்டர் கையெழுத்து வாங்கவில்லை. எங்கள் டாக்டர் இப்போது ஜப்பான்காரர். கேட்டால் ஆளைக் கொண்டுவா என்பார். கொண்டுவந்தால் வாசலிலேயே லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

இதை நான் எழுதிக் கொடுத்தது தெரிந்தால் என் வேலையோடு போகாது. ஆகையால் இனி எதற்கும் எழுத வேண்டாம்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று சன்னாசி சொன்னார். கொயினா மாத்திரை கொஞ்சம் துணியில் முடிந்திருக்கிறேன். பாதி பாதியாகக் கொடுக்கவும். குழந்தையின் பெயர் என்ன என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சந்திரன்


ரெம்பாவ் ரோட்டுத் தோட்டம்
12 ஜூன் 1943

சந்திரா,

திருப்திதானே உனக்கு? பந்தலில் வாங்கிய அறைக்கு இப்போது வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

நேற்று வந்தார்கள். ஆபீஸ் வாசலில் மேசை போட்டு ஆபீசர் உட்கார்ந்தான். ஆண்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையாகப் பார்த்தான். இவர் முறை வந்தபோது விலா எலும்பையும் தாடைக் காயத்தையும் பார்த்து முகத்தைச் சுளித்தான். ஒதுங்கி நில் என்பதுபோலக் கையைக்கூடக் காட்டினான். சந்திரா, அந்த இடத்திலேயே விட்டிருந்தால் அவர் தப்பியிருப்பார்! நான்தான் ஓடிப்போய்க் கிராணி கையில் உன் சீட்டைத் திணித்தேன். கிராணி அதை மேசைமேல் வைத்தார்.

ஆபீசர் எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு சிரித்தான். "பிட்! பிட்! குட்!" என்று எழுந்து உன் மச்சான் நெஞ்சில் தட்டினான். லாரிப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

நான் "வலிப்பு ஐயா, வலிப்பு" என்று கத்தினேன். அவனுக்குப் புரியவில்லை. என்ன செய்வேன்? அத்தனை ஆண்கள் முன்னால் தரையில் விழுந்து, கையையும் காலையும் உதறி, கண்ணை மேலே செருகிக் காட்டினேன். சோல்ஜர்கள் சிரித்தார்கள். ஒருவன் என்னைப் போலவே ஆடிக் காட்டினான். உன் மச்சான் லாரியிலிருந்து, "வேணாம் முத்தாயி, எந்திரி, மானம் போவுது" என்று அழுதார்.

லாரி போனபின் கிராணி சொன்னார். "நான் என்னம்மா செய்யிறது? ஒன் தம்பி பிட்டுன்னுல்ல எழுதியிருக்கான். பிட்டுன்னா ஆளு திடமா இருக்கான், வேலைக்கு ஆவான்னு அர்த்தம்லா."

திடமாக இருக்கிறான் என்றா எழுதினாய்? எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்கிற தைரியமா? கொயினா மாத்திரை கொடுத்துவிட்டுத் தாலியை அறுத்திருக்கிறாயே, நீ மனிதனா?

அவர் திரும்பி வராவிட்டால் என் வயிறெரிச்சல் உன்னைச் சும்மா விடாது.

முத்தாயி


சிரம்பான்
13 ஜூன் 1943

அக்கா,

சன்னாசி அண்ணனை வாசலில் நிற்கவைத்துவிட்டு எழுதுகிறேன். திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

நான் எழுதியது 'ஃபிட்ஸ்'. ஆஸ்பத்திரியில் வலிப்புக்கு அப்படித்தான் எழுதுவோம். கட்டில் தலைமாட்டு அட்டையில் அந்த ஒரு சொல் போதும், எந்த டிரெசருக்கும் புரியும். அதே பழக்கத்தில் எழுதிவிட்டேன். 'ஃபிட்' என்றால் அந்த ஆபீசர் எடுத்துக்கொண்ட அர்த்தமும் உண்டு. உடம்பு வேலைக்குத் தகுதி, ஆள் தயார். கடைசியில் ஒரு எஸ் நின்றால் வலிப்பு, நிற்காவிட்டால் திடகாத்திரம். பாதி இங்கிலீஷ் தெரிந்தவன் அந்த எஸ்ஸை எங்கே பார்க்கப்போகிறான்? ஆள் பிடிக்க வந்தவனுக்கு எந்த அர்த்தம் முதலில் கண்ணில் படும்?

பாழாய்ப்போன சொல் அக்கா அது. நம் வாயிலும் அது புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது. டெய்லர் ராமசாமி சட்டையை மாட்டிவிட்டு "பிட்டா இருக்கு" என்பாரே, அதுவும் இதுதான். அளவாகப் பொருந்துகிறது என்று அர்த்தம். ரப்பர் பால் கொட்டகையில் மெஷினுக்கு உருப்படி மாட்டுகிறவரைப் பிட்டர் என்கிறோமே, அதுவும் இதிலிருந்து வந்ததுதான். பந்து விளையாட்டில் துரை "ஃபிட்டா?" என்று கேட்டால் நாங்கள் நெஞ்சை நிமிர்த்துவோம். சட்டைக்கும் மெஷினுக்கும் பந்தாட்டக்காரனுக்கும் வலிப்புக்காரனுக்கும் ஒரே சொல். இவ்வளவும் தெரிந்த நான் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் சேர்த்து எழுதியிருக்கலாம். 'அடிக்கடி மயங்கி விழுவான்' என்று எழுதியிருந்தால் எவனும் மாற்றிப் படித்திருக்க முடியாது. கோபத்தில் எழுதினேன் அக்கா. உனக்கு அதிகமாக ஒரு சொல்கூடக் கொடுக்கக்கூடாது என்று எழுதினேன்.

கிராணிக்கு ஃபிட்ஸ் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஆபீசர் படித்ததைத் தப்பு என்று சொன்னால் அறை விழும். அவர் வாயை மூடிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

மச்சான் இன்னும் சிரம்பானில்தான் இருக்கிறார். ரயில் கிடைக்கும்வரை ஆட்களை ஸ்டேஷன் பக்கத்துக் கிடங்கில் அடைத்து வைத்திருக்கிறார்கள். காலரா ஊசி போட எங்களை அங்கே அனுப்புகிறார்கள். நான் போகிறேன்.

சந்திரன்


ரெம்பாவ் ரோட்டுத் தோட்டம்
14 ஜூன் 1943

தம்பி,

படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. மனம் இன்னும் கேட்கமாட்டேன் என்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கிறேன், என்னைப் பேய் என்று நினைக்காதே. அவர்கள் கண்ணெதிரே அவர் ஒருமுறை விழுந்துவிட்டால் போதும் அல்லவா? எழுத்தே வேண்டாம், அர்த்தமும் வேண்டாம். இந்த நாலு வருடமும் அவருக்கு அது வரக்கூடாது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன். இந்த வெள்ளிக்கிழமை வரவேண்டும் என்று போடப்போகிறேன்.

அதை வரவைக்க மருந்து உண்டா? நீ படித்தவன், சொல்.

குழந்தை பெயர் பஞ்சாலை. உன் மச்சானின் அம்மா பெயர். காய்ச்சல் விட்டுவிட்டது.

முத்தாயி


சிரம்பான்
17 ஜூன் 1943

அக்கா,

மச்சானைப் பார்த்தேன். ஊசி போடுகிற சாக்கில் கையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் சிரித்தார். பந்தலில் நடந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தைகூட இல்லை. "வா மச்சான், சாப்பிட்டியா?" என்றார். அந்தக் கிடங்கில், ஒரு பிடி மரவள்ளியைத் தவிர எதுவும் கிடைக்காத இடத்தில், என்னைப் பார்த்துக் கேட்கிறார்.

மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். "பொய்யா விழுந்து காட்டட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். முந்தின நாள் ஒருவன் அப்படி நடித்தான். கொதிக்கிற தண்ணீரைக் காலில் ஊற்றிப் பார்த்தார்கள். அலறிக்கொண்டு எழுந்தவனை அடித்து எலும்பை முறித்துவிட்டார்கள்.

"நெசமா வரட்டும்னுதான் நானும் காத்துக்கிட்டுருக்கேன் மச்சான். வேணாங்கிறப்பல்லாம் வந்துச்சு. இப்ப வரமாட்டேங்குது" என்றார்.

மருந்து கேட்டாயே. வரவைக்கிற மருந்து என்னிடம் இல்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுத்தால் வரக்கூடும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லலாமா கூடாதா என்று ஊசிப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே நின்றேன். நோயாளிக்கு நோய் வர வழி சொல்கிற டிரெசரை எங்கே பார்த்திருக்கிறாய்? அடக்கவே முடியாமல் வந்துவிட்டால் ஆளே போய்விடலாம். அதையும் அவரிடம் சொன்னேன். "சயாமுல போறது இங்கயே போவட்டும்லா. முத்தாயி வந்து தூக்கிக்கிட்டுப் போவா" என்றார்.

அதிலிருந்து அவர் தூங்கவில்லை. கூட இருப்பவர்களை உலுக்கி எழுப்பச் சொல்லியிருக்கிறார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருக்கிறது. இன்றைக்கும் வரவில்லை. நாளை மறுநாள் ரயில்.

ரயில் ஏற்றும்போது எங்கள் ஜப்பான் டாக்டர் வருவார். அவர்கள் டாக்டருக்குப் படிப்பது ஜெர்மன் புத்தகத்தில். வலிப்புக்கு இங்கிலீஷ் டாக்டர்கள் சொல்லும் 'எப்பிலெப்ஸி'தான் ஜெர்மனிலும். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் கிடையாது. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

சந்திரன்


கோலாலம்பூர் ஸ்டேஷன்
19 ஜூன் 1943

அக்கா,

இன்ஜினில் கரி போடும் ஆறுமுகம் என்பவர் இதைச் சிரம்பானில் சன்னாசியிடம் சேர்ப்பதாகச் சொல்கிறார். ரயில் நிற்கிறவரை எழுதுகிறேன்.

மச்சான் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் படித்துக்கொள்.

பெட்டியில் ஏறுகிற வரிசையில், படியில் கால் வைத்தபோது வந்தது. அப்படியே பின்னால் சாய்ந்து பிளாட்பாரத்தில் விழுந்தார். சார்ஜன்ட் நடிப்பென்று நினைத்து "பாக்கேரோ" என்று ஏசிப் பூட்ஸ் காலால் உதைத்தான். நான் நடுவில் விழுந்தேன். டாக்டரைப் பார்த்து "எப்பிலெப்ஸி, எப்பிலெப்ஸி" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். வந்து குனிந்து இமையைத் தூக்கிப் பார்த்தார். "தென்கான்" என்றார். அவர்கள் பாஷையில் வலிப்பு. அக்கா, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் சார்ஜன்ட் விடவில்லை. தலைக்கணக்குச் சரியாக இருக்கவேண்டும், நோயாளியோ பிணமோ ஏற்று என்றான். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு விலகினார். உடம்பு இன்னும் உதறிக்கொண்டிருக்கும்போதே மச்சானின் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள்.

நான் ஏறினேன். என்னை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. பெட்டியில் நின்று என்னைத் தொட்டுக் காட்டி, அவரைக் காட்டி, அவருக்குப் பதில் நான் என்று கையை ஆட்டினேன். சார்ஜன்ட்டுக்கு எண்ணிக்கை சரியாக வந்தது. மச்சானைக் கீழே போட்டுவிட்டான். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் என்று பிளாட்பாரத்துக் கூலிகளிடம் கத்தினேன். வைத்தார்கள். கதவை மூடினார்கள்.

டிரெசர் என்றால் அங்கே பாறை உடைக்க விடமாட்டார்கள், ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வைப்பார்கள் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். அதனால் பயப்படாதே. நான் பயப்படாமல் இல்லை. விசில் ஊதிவி


ரெம்பாவ் ரோட்டுத் தோட்டம்
2 ஆகஸ்ட் 1943

தம்பி,

எந்த ஊருக்கு என்று மேலே எழுதுவது? சயாம் என்று மட்டும் போட்டிருக்கிறேன். வடக்கே போகிற யாராவது கிடைத்தால் கொடுக்கிறேன்.

கூலிகள் உன் மச்சானைச் சன்னாசி அண்ணன் லாரியில் போட்டுவிட்டார்கள். கடிபட்ட நாக்கு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஆறிவிட்டது, பேச்சு மட்டும் கொழகொழவென்று இருக்கிறது. நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. கண் விழித்ததும், "ரயிலு போயிடுச்சா? மச்சான் எங்க?" என்றார். சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "ஒங்கள யாரு கேட்டா? நான் போறதா இருந்த எடம் அது" என்கிறார். கொல்லைக்குப் போகிறார், வருகிறார், வெறும் தரையில் படுத்துக்கொள்கிறார். அவரை மீட்டுவிட்டேன் என்று நினைத்தேன் சந்திரா. உன்னைக் கொடுத்துவிட்டு வாங்கியிருக்கிறேன்.

என்னைப் பேய் என்று ஏசி நீ ஒரு வரி எழுதினால்கூடப் போதும். எழுது.

அக்கா


காஞ்சனபுரி, சயாம்
9 அக்டோபர் 1945

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கணேசமூர்த்தி போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்து ஆள். என்னோடு இருந்தவர். அவருக்கு ஒரு வேளைச் சோறாவது போடு.

நான் உயிரோடு இருக்கிறேன். ஜப்பான்காரன் தோற்றபிறகு வெள்ளைக்கார டாக்டர்கள் வந்து எங்களை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். இடது காலில் மூங்கில் கீறிய புண் எலும்புவரை அழுகிவிட்டது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய்ச்சலும் விட்டபாடில்லை.

இரண்டு வருடமும் காலராக் கொட்டகையில் இருந்தேன். மருந்து எதுவும் இல்லை. உப்புத்தண்ணீர் கொடுத்தேன், பிறகு அவர்களைக் குழியில் இறக்கினேன். நம் தோட்டத்து ஆட்கள் பலரை நானே இறக்கினேன். வீட்டாருக்கு நான் வந்து என்ன சொல்வது?

துணைக்கு ஆள் உள்ளவர்களை முதலில் ரயிலில் அனுப்புகிறார்கள். என்னைப்போல நடக்கமுடியாத தனி ஆட்கள் கடைசியில்தான். எனக்கு அவசரமும் இல்லை. இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒற்றைக்காலோடு வந்து யார் வீட்டில் உட்காருவது? என்னைத் தேடவேண்டாம். பஞ்சாலையைப் படிக்க வை.

மச்சானுக்கு என் அன்பு. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உன்மேலும் இல்லை. இதை எழுதத்தான் இந்தக் காகிதம் கேட்டு வாங்கினேன்.

சந்திரன்


ரெம்பாவ் ரோட்டுத் தோட்டம்
4 நவம்பர் 1945

தம்பி சந்திரனுக்கு,

கணேசமூர்த்தி அண்ணன் நேற்றுக் காலை வந்தார். உன் கடிதத்தை நான் வாசித்தேன். உன் மச்சான் கதவடியில் நின்று கேட்டார். 'துணைக்கு ஆள் உள்ளவர்களை' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார்.

"எங்க?" என்றேன்.

"மச்சானக் கூட்டியாறேன்" என்றார். இரண்டு வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது நேற்றுத்தான்.

அவருக்குச் சயாம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. போன மாதம் மட்டும் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். ரயில் பாதி தூரம்தான் ஓடுகிறதாம், மீதிக்கு லாரியோ நடையோ. போகாதீங்க என்று வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை. அவித்த மரவள்ளியைக் கட்டிக் கொடுத்தேன். பஞ்சாலை அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு பிரட்டுக் களம்வரை கூடவே போனாள். மாமாவைக் கூட்டிவரப் போகிறார் அப்பா என்று லயம் முழுவதும் சொல்லித் திரிகிறாள். செத்தவர்களின் வீட்டார் அதைக் கேட்டுவிட்டு உன் மச்சானை வழிமறித்தார்கள். ராக்கம்மா அத்தை, "அந்தத் தம்பிய வரச் சொல்லுய்யா. எம்புள்ள கடேசியா என்ன பேசுனான்னு அவன் வாயால கேக்கணும்" என்றாள். யாரும் உன்னை வையவில்லை.

இங்கேயே இருந்துவிடலாம் என்று இனி எழுதாதே. யார் வீட்டில் உட்காருவது என்று கேட்டாய். இதற்கு நான் பதில் எழுதமாட்டேன், நீ வந்து உட்கார்ந்தபின் பேசிக்கொள்கிறேன்.

இதைத் தபாலில் போடுகிறேன். அவருக்கு முன்னால் வருமோ பின்னால் வருமோ தெரியாது. அவர் ஏற்கெனவே உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தால், இரண்டு பேரும் கிளம்புங்கள். இன்னும் வந்து சேரவில்லையென்றால், அங்கே படுத்துக்கொண்டு காத்திருக்காதே. ஊன்றுகோல் கேட்டு வாங்கு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, விழுந்தவரை யாராவது கிடத்தியிருக்கக்கூடிய நிழலான இடமாகப் பார்த்து, அவரைத் தேடிக்கொண்டே வீட்டுக்கு வா.

அக்கா
முத்தாயி